சென்டிபீட் ட்ராக்பால் திணறுகிறது, உதவி தேவை

நண்பர்களே, அட்டாரி 1981இல் வெளியிட்ட சென்டிபீட் என்ற ஆர்கேட் வீடியோ கேம் இயந்திரம் ஒன்று என்னிடம் இருக்கிறது. வீட்டுக்கு வந்த குட்டிப் பிள்ளைகள் ட்ராக்பால் (கையால் உருட்டி ஆட்டத்தைக் கட்டுப்படுத்தும் பந்து) மேல் ஜூஸைக் கொட்டிவிட்டு, பந்தையும் ஓங்கி ஓங்கி அடித்திருக்கிறார்கள். பாவம், அவர்களுக்கு என்ன தெரியும்!

இப்போது மேலும் கீழும் நன்றாக ஓடுகிறது, பக்கவாட்டில்தான் திணறல். பந்தை எடுத்து உருளைகளைத் துடைத்துவிட்டேன். பக்கவாட்டு உருளையின் பேரிங் கரகரக்கிறது. சரி, அதை மாற்றிவிடலாம். ஆனால் எல்இடிக்கும் சென்சாருக்கும் நடுவே சுற்றும் பல்சக்கரம் வளைந்து உரசுகிறது. பழைய பிளாஸ்டிக், நிமிர்த்தினால் முறிந்துவிடுமோ என்று பயமாக இருக்கிறது. லேசாகச் சூடுபடுத்தி நிமிர்த்திய அனுபவம் யாருக்காவது உண்டா? முழு ட்ராக்பாலையும் புதிதாக மாற்ற மனமில்லை, அசல் பாகத்தையே காப்பாற்ற வேண்டும்.

அப்புறம், சுடும் பட்டனின் லீஃப் சுவிட்ச் (அழுத்தும்போது இரண்டு மெல்லிய உலோகத் தகடுகள் தொட்டுக்கொள்ளும் சுவிட்ச்) தகடும் வளைந்திருக்கிறது. தகடுகளுக்கு நடுவே இடைவெளி எவ்வளவு வைக்கலாம்?