மறு: தரவினங்களுக்கு ‘ஈடமைத்தல்’

அனைவருக்கும் யங்கோனிலிருந்து வணக்கம். தரவுத்தள வேலையில் வரும் ‘டேட்டா டைப் மேப்பிங்’ என்பதற்குத் தமிழ்ச்சொல் தேடும் நம் பேச்சில், ஐயா எழுதிய இந்த வரிக்கு என் பதில்.

> டேட்டா டைப் மேப்பிங்கை ‘வகைப் பொருத்தம்’ என்றே வைத்துக்கொள்ளலாம். எல்லாருக்கும் புரியும்.

ஐயா, புரியும் என்பது உண்மைதான். ஆனால் பொருத்தம் என்றால் மாப்பிள்ளையும் பெண்ணும் ஏற்கெனவே இருக்கிறார்கள், சேருமா என்று மட்டும் பார்க்கிறோம் என்றாகிவிடும். இங்கே நடப்பது வேறு. தருக்க மாதிரியில், அதாவது எந்த மென்பொருள் என்று பாராமல் என்னென்ன தரவு வேண்டும் என்று எழுதும் வரைவில், ‘எடை’, ‘பெயர்’, ‘ஆம்/இல்லை’ என்று எழுதிவிடுகிறோம். பிறகு அவை ஒவ்வொன்றையும் தாங்க, நாம் எடுத்துக்கொண்ட தளத்தில் (தரவுத்தள மென்பொருளில்) ஓர் இனத்தை (டேட்டா டைப்) தேடி நிறுத்துகிறோம். இதே பேச்சில் அக்கா பரிந்துரைத்த ‘வகைமாற்றம்’ நல்ல சொல், ஆனால் நிரல் ஓடும்போது சரத்தை எண்ணாக்கும் வேலைக்கு அது போய்விட்டது.

நான் பேயின்னவுங் சந்தையில் உளுந்து, துவரை வாங்கி விற்கும் ஒருவருக்குக் கணக்கு மென்பொருள் எழுதுகிறேன். எடை எல்லாம் வீசையில். ஒரு வீசைக்கு 100 திக்கல். எனக்கு முன்னால் எழுதியவர் ‘எடை ஒரு பின்ன எண்’ என்று பார்த்து டபுள் இனத்தில் (பின்னங்களை இரும எண்ணில் தோராயமாக வைப்பது) வைத்திருந்தார். 0.1 வீசையையும் 0.2 வீசையையும் கூட்டி 0.3 வீசையோடு ஒப்பிட்டால் சமம் இல்லை என்றது. கூட்டுத்தொகை 0.30000000000000004 என்று நிற்கிறது. டெசிமல்(10,2) (மொத்தம் 10 இலக்கம், புள்ளிக்குப் பின் 2 என்று துல்லியமாக வைக்கும் இனம்) என்று மாற்றியதும் சரியாகிவிட்டது. தருக்க மாதிரியில் ஒரு எழுத்துகூட மாறவில்லை.

பெயரில் இதைவிடப் பெரிய வலி. மாதிரியில் ‘பெயர், 40 எழுத்து’. தளமோ நீளத்தைப் பைட்டில் எண்ணுவது. வார்சார்(40) (நீளம் 40 வரை ஏற்கும் எழுத்துத்தொடர் இனம்) என்றே போட்டுவிட்டார்கள். ‘முத்துக்கருப்பன்’ என்று உள்ளிட்டால் ஏற்க மறுத்தது. நமக்கு 9 எழுத்து. யூனிகோடில் 16 குறிகள் (‘மு’, ‘த்’ போன்றவை இரண்டிரண்டு குறி). அவற்றைச் சேமிக்கும் யூடிஎஃப்-8 முறையில் ஒவ்வொன்றும் 3 பைட், ஆக 48. பர்மிய எழுத்துக்கும் இதே 3 பைட்தான், ஆகவே தமிழ்ப் பெயரோடு பர்மியப் பெயரும் அடிபட்டது. 40 என்ற எண் இரண்டு பக்கமும் ஒன்றே, அது குறிப்பது ஒன்றல்ல.

இதனால்தான் ‘இணை’, ‘சமன்’, ‘நிகர்’ என்று தொடங்கும் எதையும் நான் ஏற்கத் தயங்குகிறேன். இங்குள்ள வீசை சுமார் 1.63 கிலோ, சென்னையின் பழைய வீசை சுமார் 1.4 கிலோ. பெயர் ஒன்று, நிறை வேறு. தேதிக்கான டேட் இனமும் அப்படித்தான்: போஸ்ட்கிரஸ் தளத்தில் நாள் மட்டும், ஆரக்கிள் தளத்தில் மணி, நிமிடம், நொடியும் சேர்ந்தே வரும்.

என் பரிந்துரை: ஈடு. வினையாக ஈடமைத்தல். ‘எடைக்கு டெசிமல்(10,2) ஈடு’, ‘இந்தத் தளத்துக்கு இன்னும் ஈடமைக்கவில்லை’ என்று இயல்பாகச் சொல்ல வருகிறது. தளவாரியாக எழுதிவைக்கும் பட்டியல் ‘ஈட்டு அட்டவணை’.

ஈடு என்பதை இந்த ஊருக்கு விளக்க வேண்டியதில்லை. ஐராவதிக் கழிமுகத்தில் நிலத்தை ஈடாகப் பெற்றுத்தான் நகரத்தார் கடன் கொடுத்தார்கள். நிலம் பணம் ஆகாது, பணத்துக்காக நிற்கிறது, அவ்வளவே. அது தாங்குமா என்பதுதான் கேள்வி. 1930களில் நெல் விலை விழுந்தபோது தாங்கவில்லை. பௌதிக இனத்தை, அதாவது தளத்தில் உண்மையில் இருக்கும் இனத்தை, தேர்ந்தெடுக்கும்போது நான் கேட்க வேண்டியதும் அதே கேள்விதான். ‘ஈடாகுமா?’ என்று கேட்கவைக்கிற சொல் கலைச்சொல்லாக இருந்தால், முன் சொன்ன 40 பைட் கோளாறு பாதி அங்கேயே தெரிந்துவிடும்.

‘வகையீடு’ என்று சுருக்கலாமா என்று நானும் யோசித்தேன். இலங்கைக் கணித நூல்களில் அது நுண்கணிதச் சொல், விட்டுவிடுவோம். ‘ஈட்டினம்’ என்று புணர்த்தினால் ‘சம்பாதித்தோம்’ என்று படிக்க நேரும். ‘ஈட்டு இனம்’ என்று பிரித்தே எழுதலாம்.

தளத்தின் இனத்திலிருந்து மாதிரிக்குத் திரும்பும் எதிர்த்திசைக்குத்தான் என்னிடம் சொல் இல்லை. மைஎஸ்கியூஎல் தளத்தில் பூலியன் (ஆம்/இல்லை) என்று எழுதினாலும் உள்ளே டைனிஇன்ட்(1) என்ற சிறிய முழு எண்தான். பின்னாளில் தரவுத்தள அட்டவணையை மட்டும் பார்க்கிறவருக்கு அது ஆம்/இல்லையா, சிறிய எண்ணா என்று தெரியாது. அந்த மூல இனத்தைக் கண்டெடுக்கும் வேலைக்கு ‘ஈடு மீட்டல்’ என்று நாக்கில் வருகிறது; ‘மீட்பு’ காப்புநகல் பக்கம் ஏற்கெனவே இருப்பதால் குழம்புமோ என்று பயம். அக்கா, நீங்கள் என்ன நினைக்கிறீர்கள்?