அணுமின் நிலைய வெல்டு ஆவணங்கள்: டிவிடியில் எழுதிக் கொடுத்தால் போதுமா?

கோப்புமூட்டை:

வணக்கம். அணுமின் நிலையத்துக்குக் குழாய் வேலை செய்யும் ஒப்பந்த நிறுவனத்தின் ஆவணப் பிரிவு சார்பாகக் கேட்கிறேன். ஒப்படைக்க வேண்டிய ஹிஸ்டரி டாக்கெட்டில் (செய்த வேலைக்கான ஆவணத் தொகுப்பு) சுமார் 18,000 ரேடியோகிராஃபி பிலிம் (வெல்டைக் கதிர்வீச்சால் எடுத்த படம்) இருக்கிறது, பெரும்பாலும் 10×40 செ.மீ. கூடவே ஆர்டி (ரேடியோகிராஃபி சோதனை) ரிப்போர்ட், மெட்டீரியல் டெஸ்ட் சர்டிபிகேட், வெல்டர் தகுதிச் சான்று, ஹைட்ரோ (நீரழுத்த) டெஸ்ட் ரிப்போர்ட், ஐசோமெட்ரிக் டிராயிங் (குழாய்த் தடத்தின் வரைபடம்). "நிலையத்தின் ஆயுள் முழுவதும் படிக்கத்தக்க நிலையில் இருக்க வேண்டும்" என்பதற்கு மேல் ஒப்பந்தத்தில் ஒன்றும் இல்லை.

இப்போதைய திட்டம்: எல்லாவற்றையும் அலுவலக ஸ்கேனரில் 300 டிபிஐயில் பிடிஎஃப் ஆக்கி, டிவிடியில் இரண்டு செட். வெல்டு பட்டியல் எக்செல்லில். இதில் எதெல்லாம் உதைக்கும்? பிலிமுக்கு எவ்வளவு இடம் பிடிக்கும்?

ரேடியோகிராஃபர்:

பிலிம் பற்றி மட்டும் சொல்கிறேன். அலுவலக ஸ்கேனர் வேண்டவே வேண்டாம்.

ஏஎஸ்எம்ஈ (அமெரிக்க இயந்திரப் பொறியாளர் சங்கம்) விதித்தொகுப்பின் பிரிவு 5-இன்படி பார்த்து முடிவு சொல்ல வேண்டிய பகுதியில் டென்சிட்டி (பிலிமின் கறுப்பு அளவு) எக்ஸ்ரேக்கு 1.8, காமாவுக்கு 2.0 என்பது கீழ் எல்லை. மேல் எல்லை 4.0. டென்சிட்டி மடக்கைக் கணக்கு: 2 என்றால் விழுந்த ஒளியில் நூறில் ஒரு பங்கு மறுபக்கம் வருகிறது, 4 என்றால் பத்தாயிரத்தில் ஒரு பங்கு. 8 பிட்டில் இருப்பது 256 படி. நேர் அளவில் பதிந்தால் 2.4-க்கு மேல் போனதெல்லாம் ஒரே கறுப்பு. காமாவில் எடுத்த நல்ல பிலிமில் பாதி அங்கேயே போய்விடும், லாக் ஆஃப் ஃப்யூஷன் (வெல்டு உலோகம் சரியாக இணையாத குறை) கோடு இருந்தாலும் தெரியாது.

வேண்டியது பிலிமுக்கென்றே செய்த ஸ்கேனர், குறைந்தது 12 பிட். பிலிம் ஸ்கேனுக்கான தரம் ஐஎஸ்ஓ 14096 டிஏ, டிபி, டிஎஸ் என்று மூன்று வகுப்பு வைத்திருக்கிறது. முதல் இரண்டிலும் படத்தரம் கொஞ்சம் குறையலாம், ஆனால் அசல் பிலிமையும் பாதுகாத்தாக வேண்டும். டிஜிட்டல் பிரதியே காப்பகப் பிரதியாக நிற்க வேண்டுமானால் டிஎஸ்தான். ஸ்கேன் செய்து தரும் ஆளிடம் முதலில் கேட்க வேண்டிய கேள்வி இது. பலர் "ஹை ரெசல்யூஷன் சார்" என்று சொல்லி டிஏ தருவார்கள்.

இடம்: 50 மைக்ரான் பிக்சல் என்றால் மி.மீ.க்கு 20 புள்ளி. 10×40 செ.மீ. பிலிம் 2000×8000, அதாவது 1.6 கோடி பிக்சல். 12 பிட்டை 16 பிட் பெட்டியில் வைத்தால் பிலிமுக்கு 32 எம்பி. 18,000 பிலிமுக்கு 576 ஜிபி. சாதா டிவிடி 4.7 ஜிபி, ஒரு செட்டுக்கே 123 தட்டு ஆகும்.

கோப்பு சுருக்காத டிஃப் (படக் கோப்பு வடிவம்), அல்லது டைகாண்டே. மருத்துவமனைகளின் டைகாம் வடிவத்தைத் தொழிற்சாலைச் சோதனைக்கு மாற்றியதுதான் டைகாண்டே (ஏஎஸ்டிஎம் இ2339). வெல்டு எண், சோர்ஸ், தேதி எல்லாம் படத்துக்குள்ளேயே உட்காரும். படம் ஒரு பக்கம், விவரம் ஒரு பக்கம் என்று பிரியாது. ஜேபெக் கூடவே கூடாது. ஷார்ப்பன், கான்ட்ராஸ்ட் எதையும் தொடாமல் வந்தபடியே சேமியுங்கள். திரையில் எப்படி வேண்டுமானாலும் மாற்றிப் பார்த்துக்கொள்ளலாம்.

ஒவ்வொரு ஷிப்ட் தொடக்கத்திலும் அளவுத் தகுதி பெற்ற ஸ்டெப் பிலிமை (டென்சிட்டி படிப்படியாக ஏறும் மாதிரி பிலிம்) ஓட்டி, அந்தக் கோப்பையும் அன்றைய தொகுதியோடு வையுங்கள். அசலில் தெரிந்த ஐக்யூஐ (படத்தரம் காட்டும் அளவுகோல்) கம்பியோ துளையோ ஸ்கேனிலும் தெரிய வேண்டும். வெல்டு எண்ணைக் காட்டும் ஈய எழுத்துகள் ஓரத்தில் வெட்டுப்படக் கூடாது. கண்ணாடியில் பிலிம் ஒட்டினால் எண்ணெய்ப் படலம் மாதிரி வளையங்கள் வரும். அதைக் குறை என்று யாராவது பிறகு எழுதிவிடுவார்கள். ரிப்பேர் பிலிம்கள் ஆர்1, ஆர்2 தனித்தனிக் கோப்பு. நிராகரித்த முதல் பிலிமையும் சேருங்கள்: முப்பது வருஷம் கழித்து அந்த இடத்தில் விரிசல் வந்தால் முதலில் தேடுவது அதைத்தான்.

ஸ்கேன் முடிந்ததும் பிலிமை எறிந்துவிடாதீர்கள். பிலிமின் ஆயுளைத் தீர்மானிப்பது கழுவிய விதம். ஹைப்போ (படத்தை நிலைநிறுத்தும் ரசாயனம்) மிச்சம் இருந்தால் மஞ்சளாகும். அதை அளக்க ஐஎஸ்ஓ 18917 சோதனை இருக்கிறது. தொகுதிக்குச் சில பிலிமாவது பாருங்கள்.

டேப்_மணி:

டிவிடி-ஆர் தட்டில் தரவு இருப்பது கரிமச் சாயத்தில். வெயிலும் ஈரமும் அதைத் தின்னும், முக்கியமாகக் கடற்கரை நிலையங்களில். "எஸ்எஸ்டியில் போட்டு லாக்கரில் வைக்கிறோம்" என்பது அதைவிட மோசம். எழுத்து ஆயுள் தீர்ந்த எஸ்எஸ்டி மின்சாரம் இல்லாமல் தரவை எவ்வளவு காலம் வைத்திருக்க வேண்டும் என்பதற்கு ஜெடெக் (மின்னணுச் சாதனத் தர அமைப்பு) தரம் கேட்பதே, சாதாரண வகைக்கு 30 டிகிரியில் ஒரு வருஷம், சர்வர் வகைக்கு 40 டிகிரியில் மூன்று மாதம்.

உங்கள் அளவுக்கு எல்டிஓ டேப் (காப்பகத்துக்கான காந்த நாடா) சரி. எல்டிஓ-7 ஒரு கார்ட்ரிட்ஜ் 6 டிபி, எல்லாமே ஒன்றில் அடங்கும். மூன்று பிரதி எடுங்கள்: இரண்டு டேப், ஒன்று சுழலும் டிஸ்க்கில். டேப் இரண்டும் வேறு வேறு தயாரிப்பாளரின் கார்ட்ரிட்ஜ், வேறு வேறு கட்டடம். இதற்கு விதி ஆதாரமும் உண்டு: ஏஎஸ்எம்ஈ என்கியூஏ-1 (அணுமின் நிலையத் தர உறுதி விதி), ஒன்று 2 மணி நேரத் தீத்தடுப்பு உள்ள ஒரே அறை, அல்லது ஒரே விபத்தில் இரண்டும் போகாத தூரத்தில் இரண்டு இடம் என்கிறது. அறை 16 முதல் 25 டிகிரி, ஈரப்பதம் 20 முதல் 50 சதவீதம்.

டேப் 30 வருஷம் தாங்கும் என்று பெட்டியில் போட்டிருப்பார்கள். தாங்கட்டும், படிக்க டிரைவ் எங்கே? எல்டிஓ-7 வரை டிரைவ்கள் இரண்டு தலைமுறை பின்னால் படித்தன. எல்டிஓ-8 டிரைவ் எல்டிஓ-7-ஐப் படிக்கும், 6-ஐப் படிக்காது. ஆகவே 6 முதல் 8 வருஷத்துக்கு ஒருமுறை புது டேப்புக்கு மாற்றுவதை இப்போதே பட்ஜெட்டில் எழுத வையுங்கள். நிலையத்தின் ஆயுள் 60 வருஷம் என்றால் குறைந்தது ஏழு மாற்றம். எழுதும் மென்பொருள் எந்தக் கம்பெனியுடையதாகவும் இருக்கக் கூடாது. எல்டிஎஃப்எஸ் வடிவத்தில் எழுதினால் டேப்பை எந்த நிறுவனத்தின் டிரைவிலும் சாதாரண ஃபோல்டராகத் திறக்கலாம்.

ஒவ்வொரு தொகுதியையும் பேக்இட் பையாகக் கட்டுங்கள் (ஆர்எஃப்சி 8493). ஒரு டேட்டா ஃபோல்டர், அதிலுள்ள ஒவ்வொரு கோப்புக்கும் எஸ்எச்ஏ-256 எண் (ஒரு பைட் மாறினாலும் மாறிவிடும் கோப்பின் கைரேகை) கொண்ட பட்டியல், அவ்வளவுதான். நோட்பேடிலேயே திறந்து படிக்கலாம். எண்ணை எடுக்க வேண்டியது ஸ்கேனர் கணினியிலேயே, நெட்வொர்க்கில் நகர்த்துவதற்கு முன்னால். சர்வருக்குப் போன பிறகு எடுத்தால், வழியில் கெட்ட கோப்புக்கும் "சரி" என்று முத்திரை குத்தியதாகிவிடும்.

கோப்புப் பெயர்! லைன் எண்ணில் இஞ்சுக்குறியும் சாய்கோடும் இருக்கும், விண்டோஸ் இரண்டையும் ஏற்காது. ஒருவர் சாய்கோட்டுக்குப் பதில் ஹைஃபன் போடுவார், அடுத்தவர் அடிக்கோடு போடுவார், மூன்றாமவர் விட்டுவிடுவார். வேலை தொடங்கும் முன் ஒரு பக்க விதி எழுதி எல்லார் மேஜையிலும் ஒட்டுங்கள். ஃபோல்டருக்குள் ஃபோல்டர் வைத்துப் பாதை 260 எழுத்தைத் தாண்டினால் சில நகலெடுப்பு மென்பொருள்கள் அந்தக் கோப்பை மட்டும் சத்தமில்லாமல் விட்டுவிடும். பட்டியலோடு ஒப்பிட்டால் மட்டுமே அது தெரியும்.

கோப்புமூட்டை:

மிக்க நன்றி. இன்னும் இரண்டு சந்தேகம். ஆர்டி ரிப்போர்ட்டுகளில் பாதி டிஜிட்டல் கையெழுத்து போட்ட பிடிஎஃப். அவற்றை பிடிஎஃப்/ஏ (நீண்டகாலக் காப்புக்கான பிடிஎஃப் வகை) ஆக்கினால் "கையெழுத்து செல்லாது" என்று காட்டுகிறது. பாதுகாப்புப் பயிற்சிப் பதிவேடுகள் பழைய தமிழ் எழுத்துருவில் இருக்கின்றன, அவற்றுக்கும் பிடிஎஃப்/ஏ போதுமா?

சரிபார்:

கையெழுத்து போட்ட பிறகு ஒரு பைட் மாறினாலும் அது உடையும். பிடிஎஃப்/ஏ ஆக்குவது கோப்பையே திருப்பி எழுதும் வேலை. இனி வருபவற்றை முதலில் பிடிஎஃப்/ஏ ஆக்கி, பிறகு கையெழுத்து. ஏற்கெனவே வந்தவற்றில் அசலைத் தொடாதீர்கள். அசல், அதன் பிடிஎஃப்/ஏ பிரதி, இன்று கையெழுத்து செல்லுபடியானது என்ற சரிபார்ப்பு அறிக்கை, மூன்றையும் ஒரே பையில் வையுங்கள். இதைத் தள்ளிப் போடாதீர்கள்: நம் ஊர் டிஜிட்டல் கையெழுத்து டோக்கனில் உள்ள சான்றிதழ் அதிகபட்சம் மூன்று வருஷம். காலாவதியான பிறகு, கையெழுத்திட்ட நாளில் அது உயிரோடு இருந்ததா என்பதை நிரூபிக்க நேரமுத்திரையும் ரத்தான சான்றிதழ்களின் பட்டியலும் கோப்புக்குள்ளேயே இருக்க வேண்டும். பேட்ஸ் (பிடிஎஃப் கையெழுத்துக்கான தரம்) கையெழுத்தின் நீண்டகால வகை இதற்காகத்தான்.

அதுவும் என்றென்றைக்கும் அல்ல. எஸ்எச்ஏ-1 என்ற பழைய கைரேகை முறையில் ஒரே எண் கொண்ட இரண்டு பிடிஎஃப் 2017-இல் செய்தே காட்டிவிட்டார்கள். பழைய கணக்கு முறை விழும் முன், புது முறையில் முழுப் பட்டியலுக்கும் ஒரு நேரமுத்திரை குத்த வேண்டும் (ஆர்எஃப்சி 4998 சொல்வது இதுதான்). 18,000 கையெழுத்தைப் புதுப்பிக்க வேண்டாம், பட்டியலுக்கு ஒன்று போதும்.

காகிதத்தை ஸ்கேன் செய்யும்போது ஜேபிக்2 சுருக்கத்தை அணைத்துவிடுங்கள். ஒரே மாதிரித் தெரியும் எழுத்துகளை ஒன்றாக்கி ஒரே படத்தைத் திரும்பத் திரும்ப ஒட்டும் முறை அது. 2013-இல் ஜெர்மானியர் டேவிட் கிரீசல் கண்டுபிடித்துச் சொன்ன கோளாறு இதில்தான்: ஸ்கேன் செய்த செலவுப் பட்டியலில் 6 என்பது 8 ஆகியிருந்தது, மங்கலே இல்லாமல், பளிச்சென்று. மெட்டீரியல் சர்டிபிகேட்டில் கார்பன் 0.06 என்பது 0.08 ஆனால் யாருக்கு உறுத்தும்? கறுப்பு வெள்ளைக்கு குரூப் 4 சுருக்கம் போதும்.

வடிவம் பிடிஎஃப்/ஏ-2. பிடிஎஃப்/ஏ-3 வேண்டாம். அதற்குள் எந்த வகைக் கோப்பையும் திணிக்கலாம், உள்ளே இருக்கும் எக்செல் நாளைக்குத் திறக்குமா என்ற கவலை திரும்ப வரும். எல்லாவற்றையும் வேராபிடிஎஃப் என்ற சோதனைக் கருவியில் ஓட்டிப் பாருங்கள். "பிடிஎஃப்/ஏ ஆகச் சேமி" பொத்தானை நம்ப வேண்டாம்.

தமிழ் எழுத்துருவில் ஒரு பொறி இருக்கிறது. பாமினி, வானவில் மாதிரியானவை ஆங்கில எழுத்தின் இடத்தில் தமிழ் உருவை வைத்தவை. எழுத்துரு உள்ளே பதிந்திருப்பதால் கண்ணுக்கு "அம்மா" என்றே தெரியும். நகலெடுத்து ஒட்டினால் ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியும் கொட்டும். சோதனைக் கருவியும் தேர்ச்சி கொடுத்துவிடும், ஏனென்றால் குறியீடு இருக்கிறது, ஆனால் தப்பான குறியீடு. தொழிலாளி பெயரைத் தேடினால் ஒன்றும் வராது. யூனிகோடாக மாற்றிய உரைக்கோப்பை அசலோடு சேர்த்து வையுங்கள்.

பழைய_பைல்:

எல்லாம் சரி. ஆனால் எக்செல் பட்டியலைப் பற்றி யாரும் கேட்கவில்லையே. என் கணக்கில் முதலில் சாகப்போவது அதுதான்.

பிலிம் எண், வெல்டு எண், ஐசோமெட்ரிக்கின் எந்த ரிவிஷன், வெல்டர் முத்திரை, டபிள்யூபிஎஸ் (வெல்டு செய்முறை ஆவணம்), இரு பக்கக் குழாயின் ஹீட் நம்பர் (உலோகத்தை உருக்கிய தொகுதியின் எண்), சர்டிபிகேட் எண். இந்தச் சங்கிலி அறுந்தால் 576 ஜிபியும் வெறும் சாம்பல் நிறப் படங்கள். வழக்கமாக அறுவது ரிவிஷனில்: டிராயிங் ரிவிஷன் 2-இல் 14 என்று இருந்த ஜாயின்ட் ரிவிஷன் 3-இல் 17 ஆகும், பிலிமில் ஈய எழுத்து 14 என்றே இருக்கும். பழைய எண், புது எண் இரண்டுக்கும் தனித்தனி நெடுவரிசை போடுங்கள்.

எக்செல்லில் 3-5 என்ற ஜாயின்ட் எண்ணை அடித்தால் தேதியாகிவிடும். முன்னால் உள்ள பூஜ்யம் போகும். எண்களுக்கு நடுவில் ஆங்கில ஈ இருக்கும் ஹீட் நம்பர் பத்தின் அடுக்காக மாறிவிடும். சேமித்த பிறகு திரும்பாது. எல்லா நெடுவரிசையையும் டெக்ஸ்ட் என்று அமைத்துவிட்டு உள்ளிடுங்கள். காப்பகத்துக்குப் போவது யூடிஎஃப்-8 சிஎஸ்வி (வெறும் உரையாக உள்ள அட்டவணை), கூடவே ஒவ்வொரு நெடுவரிசையும் என்ன என்று ஒரு பக்க விளக்கம்.

ரேடியோகிராஃபி ஆட்களின் டோஸ் (வாங்கிய கதிர்வீச்சு அளவு) பதிவேடு இந்த மூட்டையில் கலந்திருந்தால் பிரித்துவிடுங்கள், அதன் கணக்கே வேறு. சர்வதேச அணுசக்தி முகமையான ஐஏஈஏவின் பாதுகாப்புத் தரம் ஜிஎஸ்ஆர் பகுதி 3, தொழிலாளிக்கு 75 வயது ஆகும் வரையிலும், வேலையை விட்டு 30 வருஷத்துக்குக் குறையாமலும் வைக்கச் சொல்கிறது. 20 வயதில் சேர்ந்து 60-இல் ஓய்வு பெற்றவருக்கு அது சேர்ந்த நாளிலிருந்து 70 வருஷம்.

கடைசியாக, காகிதத்தைக் கேலி செய்யாதீர்கள். பிரான்சில் 1969 முதல் 1994 வரை அணுக்கழிவு வாங்கிய லா மான்ஷ் கிடங்கின் ஆவணங்களை அந்நாட்டின் அணுக்கழிவு மேலாண்மை நிறுவனமான அந்திரா நிரந்தரக் காகிதத்தில் அச்சிட்டு, ஒரு பிரதியைக் கிடங்கிலும் இன்னொன்றைத் தேசிய ஆவணக் காப்பகத்திலும் வைத்தது. உங்கள் 18,000 பிலிமுக்கு அது ஆகாது. பட்டியல், நெடுவரிசை விளக்கம், கோப்புப் பெயர் விதி, எஸ்எச்ஏ-256 பட்டியலின் முதல் பக்கம், கடைசி ரிவிஷன் ஐசோமெட்ரிக், இவற்றுக்கு ஆகும். ஐஎஸ்ஓ 9706 காகிதம் என்று கேட்டு வாங்குங்கள், அதில் அமிலத்தைத் தாங்க 2 சதவீதமாவது கால்சியம் கார்பனேட் சேமிப்பு இருக்கும். லேசரில் அச்சிடுங்கள், இங்க்ஜெட் வேண்டாம், அதன் மை ஈரத்தில் பரவும். ஸ்டேப்ளர் பின் குத்தாதீர்கள், துரு முதலில் தின்பது அந்த மூலையைத்தான், வெல்டு எண் நெடுவரிசையும் அங்கேதான் இருக்கும்.