ஸ்கூட்டர் பேட்டரி சார்ஜ் நிற்கவில்லை, அவசரம்

குளச்சல் கடலோரம் (ஞாயிறு, இரவு 9.40)
வணக்கம். ஸ்கூட்டர் பேட்டரியில் சார்ஜே நிற்க மாட்டேன் என்கிறது. வீட்டிலேயே கழற்றிச் சார்ஜ் போட்டேன். அரை மணி நேரத்தில் பச்சை லைட் வந்துவிட்டது. மாட்டினால் அன்றைக்கு ஓடுகிறது, மறுநாள் காலையில் செல்ஃப் அமுக்கினால் ‘டிக் டிக்’ சத்தம் மட்டும்தான். புதன்கிழமை அம்மாவை ஆசாரிப்பள்ளம் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போக வேண்டும். யாராவது சீக்கிரம் சொல்லுங்கள்.

தக்கலைத் தம்பி (9.52)
அண்ணே, என்ன வண்டி? பேட்டரி வாங்கி எத்தனை வருஷம்? எந்தச் சார்ஜரில் போட்டீர்கள்?

ரப்பர்க்காடு (9.58)
டிஸ்டில்டு வாட்டர் வற்றியிருக்கும். மேல் மூடியைத் திறந்து கோடு வரைக்கும் ஊற்றுங்கள், சரியாகிவிடும். 15 வருஷமாக நான் அப்படித்தான் செய்கிறேன்.

வோல்ட்டு வாத்தியார் (10.15)
எத்தனை தடவைதான் எழுதுவது? ‘சார்ஜ் நிற்கவில்லை’ என்பது டாக்டரிடம் போய் ‘உடம்பு சரியில்லை’ என்று சொல்லிவிட்டுச் சும்மா உட்கார்ந்திருப்பது மாதிரி. மாடல், ஏஹெச் (ஆம்பியர்-மணி, அதாவது பேட்டரியின் கொள்ளளவு), மீட்டரில் அளந்த வோல்ட் மூன்றும் இல்லாமல் இங்கே யாரும் ஜோசியம் பார்க்க மாட்டார்கள். ரப்பர்க்காடு அவர்களே, இப்போது வருவது பெரும்பாலும் சீல் வைத்த பேட்டரி. அதில் மூடி கிடையாது. நெம்பித் திறந்து தண்ணீர் ஊற்றினால் நேராகப் பழைய இரும்புக் கடைக்குத்தான் போகும்.

ரப்பர்க்காடு (10.19)
என்ன வண்டி என்றே அவர் இன்னும் சொல்லவில்லை. மூடி இல்லை என்று உங்களுக்கு மட்டும் எப்படித் தெரிந்தது? அதுவும் ஜோசியம்தானே?

கருங்கல் டீச்சர் (10.31)
ஹெட்லைட்தான் காரணம் என்பது என் எண்ணம். 2017-க்குப் பிறகு வந்த வண்டிகளில் அதை அணைக்கவே வழியில்லை. பகலெல்லாம் எரிந்தால் பேட்டரி என்ன செய்யும், பாவம்.

வோல்ட்டு வாத்தியார் (10.36)
டீச்சர், இன்ஜின் ஓடும்போதுதான் அது எரிகிறது. அந்த நேரத்தில் வண்டியே கரண்ட் தயாரிக்கிறது. பேட்டரியைக் காலி செய்வது சாவியை எடுத்த பிறகு ஓடுகிற விஷயம்.

குளச்சல் கடலோரம் (திங்கள், காலை 6.20)
மன்னிக்கவும், தூங்கிவிட்டேன். 110 சிசி, 2019 வண்டி. பேட்டரி 2022-ல் மாற்றியது. மேலே 12 வோல்ட் 4 ஏஹெச் என்று போட்டிருக்கிறது. மூடி எதுவும் இல்லை. சார்ஜர் மச்சானுடையது, காருக்குப் போடுகிற 6 ஆம்பியர். கிக்கர் அடித்தால் வண்டி ஸ்டார்ட் ஆகிறது, அதைச் சொல்ல மறந்துவிட்டேன். ஆனால் அம்மாவை உட்கார வைத்துக்கொண்டு வழியெல்லாம் கிக்கர் அடிக்க முடியாது.

வோல்ட்டு வாத்தியார் (6.44)
இதை நேற்றே சொல்லியிருக்கலாம். 4 ஏஹெச் பேட்டரிக்கு 6 ஆம்பியரா! குழந்தைக்குப் பாலாடையில் கொடுக்க வேண்டியதைக் குழாய் வைத்துப் பீய்ச்சியிருக்கிறீர்கள். ஏஹெச்சில் பத்தில் ஒரு பங்குதான் கணக்கு, அதாவது 0.4 ஆம்பியர். 6 ஆம்பியர் தள்ளும்போது வோல்டேஜ் மட்டும் சட்டென்று மேலே ஏறும். சார்ஜர் ‘நிரம்பிவிட்டது’ என்று நினைத்துப் பச்சை காட்டும். உள்ளே ஒன்றும் ஏறியிருக்காது.

தேங்காய்ப்பட்டணம் ஜோ (7.05)
குளச்சல் என்கிறார், அப்புறம் ஏன் இவ்வளவு ஆராய்ச்சி? உப்புக்காற்று! டெர்மினலில் களிம்பு பிடித்திருக்கும். வெந்நீரில் ஆப்ப சோடா கலந்து பழைய பல் தேய்க்கும் பிரஷால் தேய்த்து, நன்றாகத் துடைத்துக் காயவைத்து, தேங்காயெண்ணெய் தடவிவிடுங்கள். எங்கள் வீட்டில் மூன்று வண்டிக்கும் அதுதான்.

வோல்ட்டு வாத்தியார் (7.11)
சோடா சரி. தேங்காயெண்ணெய் தவறு. 24, 25 டிகிரிக்கு மேலே அது உருகிவிடும். நம் ஊரில் எந்த மாதம் அதற்குக் கீழே நிற்கிறது? ஒழுகிப் போய் மண்ணும் தூசியும்தான் ஒட்டும். வாசலின் தடவ வேண்டும்.

தேங்காய்ப்பட்டணம் ஜோ (7.20)
சொந்த மரத்து எண்ணெய் ஐயா. உருகினால் மறுபடி ஒரு சொட்டு. வாசலின் என்ன மரத்திலா காய்க்கிறது?

ரப்பர்க்காடு (7.26)
ஜோ சொல்வதுதான் சரி. என் அப்பா லாரிக்கே தேங்காயெண்ணெய்தான் போட்டார்.

வோல்ட்டு வாத்தியார் (7.30)
லாரிக்குப் போட்டார், ஊற்றிக்கொண்டே இருந்தார் என்று சொல்லுங்கள்.

மார்த்தாண்டம் பட்டறை (8.15)
எண்ணெய்ச் சண்டையை அப்புறம் பார்ப்போம், அவருக்குப் புதன்கிழமை வண்டி வேண்டும். தம்பி, சின்ன சார்ஜர் எங்கேயாவது கிடைக்குமா பாருங்கள், அரை ஆம்பியருக்கு மேல் வேண்டாம். கழற்றும்போது முதலில் மைனஸ், மாட்டும்போது கடைசியில் மைனஸ். பிளஸ்ஸைக் கழற்றும் நேரம் ஸ்பானர் வண்டிச் சட்டத்தில் பட்டாலும் பொறி வராது, அதற்குத்தான். காற்றோட்டமான இடத்தில் வையுங்கள், பூஜை அறைப் பக்கம் வேண்டாம். சார்ஜ் ஏறும்போது கேஸ் வரலாம், அருகில் தீ கூடாது.

ஒரு ராத்திரி ஏறட்டும். எடுத்தவுடன் அளக்காதீர்கள். நாலு மணி நேரம் சும்மா வைத்துவிட்டு அளந்தால்தான் உண்மை தெரியும். நல்ல பேட்டரி என்றால் 12.7 வோல்ட்டுக்குப் பக்கத்தில் நிற்கும். பிறகு வண்டியில் மாட்டி, செல்ஃப் அமுக்கும்போது எவ்வளவு இறங்குகிறது, வண்டி ஓடும்போது ஆக்சிலேட்டர் கொஞ்சம் கொடுத்தால் எவ்வளவு வருகிறது, இரண்டையும் எழுதுங்கள். வண்டியில் வெளியே வாங்கி மாட்டிய சாமான் ஏதாவது இருக்கிறதா?

குளச்சல் கடலோரம் (செவ்வாய், மதியம் 1.10)
பக்கத்து வீட்டில் சின்ன சார்ஜர் கிடைத்தது. ராத்திரி 9 மணி நேரம் போட்டேன். வைத்து அளந்தது 12.2. செல்ஃப் அமுக்கினால் 8.1. வண்டி ஓடும்போது 14.2. டெர்மினலில் களிம்பு இருந்தது, தேய்த்துவிட்டேன். மகன் மொபைல் சார்ஜர் ஒன்று மாட்டியிருக்கிறான், சாவி எடுத்தாலும் அதில் நீல லைட் எரிகிறது.

தேங்காய்ப்பட்டணம் ஜோ (1.14)
களிம்பு! நான் சொன்னேனா இல்லையா?

மார்த்தாண்டம் பட்டறை (1.40)
14.2 என்றால் வண்டி நன்றாகச் சார்ஜ் செய்கிறது, சார்ஜ் வோல்டேஜைக் கட்டுப்படுத்துகிற ரெகுலேட்டரைத் தொட வேண்டாம். ராத்திரி முழுக்க ஏற்றியும் 12.2 தான், செல்ஃபில் 9.6-க்கும் கீழே போகிறது என்றால் பேட்டரி முடிந்துவிட்டது. புதுசு வாங்குங்கள்.

ஆனால் அந்த நீல லைட்டை விடாதீர்கள். 20 மில்லி ஆம்பியர் இழுத்தாலே ஒரு நாளைக்கு கிட்டத்தட்ட அரை ஏஹெச், எட்டு நாளில் 4 ஏஹெச் காலி. அடிக்கடி அடி வரை இறங்கிய பேட்டரித் தகட்டில் சல்பேட் படிந்து இறுகும். அப்புறம் எந்தச் சார்ஜர் போட்டாலும் பழைய நிலைக்கு வராது. ஒயரை நேரே பேட்டரியில் கொடுக்காமல், சாவி போட்டால் மட்டும் கரண்ட் வரும் லைனில் கொடுக்கச் சொல்லுங்கள்.

வோல்ட்டு வாத்தியார் (1.52)
சாவியை எடுத்த பிறகு ஓடுகிற விஷயம் என்று ஞாயிற்றுக்கிழமையே எழுதினேன். யாரும் படிப்பதில்லை.

குளச்சல் கடலோரம் (புதன், இரவு 8.05)
புதுப் பேட்டரி போட்டாச்சு. பழையதைக் கொடுத்ததற்கு விலையில் கொஞ்சம் கழித்தார்கள். போய்விட்டு வந்துவிட்டோம். எல்லோருக்கும் நன்றி.

தக்கலைத் தம்பி (8.20)
அம்மாவுக்கு எப்படி இருக்கிறது அண்ணே?

மார்த்தாண்டம் பட்டறை (8.31)
அந்த மொபைல் சார்ஜர் ஒயரை மாற்றினீர்களா?

தேங்காய்ப்பட்டணம் ஜோ (வியாழன், காலை 7.02)
புது டெர்மினலுக்கு இன்றைக்கே ஒரு சொட்டு தேங்காயெண்ணெய் வைத்துவிடுங்கள்.

வோல்ட்டு வாத்தியார் (7.04)
வாசலின்.