ஜப்பானியர் பொது இடத்தில் சினம் காட்டாதிருப்பது இயல்பா, பழக்கமா?

நெய்தல் கேட்டது:
2011 மார்ச் மாதம் வடகிழக்கு ஜப்பானைச் சுனாமி தாக்கியபோது, தண்ணீருக்கும் உணவுக்கும் மக்கள் கூச்சலின்றி வரிசையில் நின்ற காட்சிகளைப் பார்த்துவிட்டு, அவர்கள் பிறவியிலேயே பொறுமைசாலிகள் என்று பலரும் எழுதினார்கள். ஆனால் அதே நாட்டில், சாலையில் பிற வாகனங்களைத் துரத்தி மிரட்டுவோரைத் தண்டிக்கச் சட்டத்தையே திருத்த வேண்டியிருந்தது என்று படித்தேன். சினத்தை அடக்க அந்தச் சமூகம் எவ்வாறு பழக்குகிறது, அது எங்கே தளர்கிறது என்பதை அறிந்தவர்கள் விளக்க வேண்டுகிறேன்.

குறிஞ்சிவாணன் மறுமொழி:
நண்பரே, பிறவிக் குணம் என்ற விளக்கத்தை வரலாறு ஏற்கவில்லை. 1905 செப்டம்பரில், ரஷ்யாவுடனான சமாதான உடன்படிக்கையை எதிர்த்து டோக்கியோவின் ஹிபியா பூங்காவில் திரண்ட கூட்டம் காவல் சாவடிகளைக் கொளுத்தியது. 1918இல் அரிசி விலை ஏறியபோது கலவரம் நாடெங்கும் பரவியது. 1923 செப்டம்பர் 1 அன்று கான்டோ நிலநடுக்கம் நிகழ்ந்த பின்னர், கொரியர்கள் கிணறுகளில் நஞ்சு கலக்கிறார்கள் என்ற வதந்தியை நம்பி, ஊர்க்காவல் குழுக்களும், காவலர்களும், படையினரும் அவர்களைப் பெருந்தொகையாகக் கொன்றார்கள். 2011இன் வரிசையைப் போற்றுகிறவர்கள் இதையும் சேர்த்தே பேச வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

அடக்கம் சட்டத்தாலும் ஊட்டப்பட்டது. தம் பகுதியை ஆண்ட இமாகவா குலத்தார் 1526இல் வகுத்த சட்டத்தொகுப்பு, நியாயம் யார் பக்கம் என்று பாராமல் சண்டையிட்ட இருதரப்பையும் தண்டித்தது. 1701இல் எடோ (இன்றைய டோக்கியோ) கோட்டைக்குள், சடங்கு அதிகாரியான கிராவை வாளால் வெட்டிக் காயப்படுத்திய அசானோ பிரபு, அன்றைக்கே தன் வயிற்றைக் கிழித்து உயிர்விட ஆணையிடப்பட்டார். கிராவுக்கோ தண்டனை ஏதும் இல்லை. காலம் பார்த்துக் காத்திருந்து கிராவைக் கொன்று பழிதீர்த்த அசானோவின் வீரர்களைத்தான் மக்கள் இன்றளவும் கொண்டாடுகிறார்கள். வெடித்த சினம் பழிக்கப்பட்டது, காத்திருந்த சினம் போற்றப்பட்டது என்பதே இதில் எனக்குப் புலப்படுவது.

செம்பருத்தி மறுமொழி:
நீங்கள் படித்தது சரியே. 2017 ஜூன் மாதம் டோமெய் விரைவுச்சாலையில் ஒரு குடும்பத்தின் வாகனத்தை வழிமறித்து ஒருவர் நிறுத்தச் செய்ததில், பின்னால் வந்த லாரி மோதிக் கணவனும் மனைவியும் உயிரிழந்தனர். நாடே கொதித்தது. 2020 ஜூனில் திருத்தப்பட்ட சட்டம் இத்தகைய மிரட்டலுக்கு மூன்றாண்டுவரையிலும், கடும் ஆபத்தை விளைவித்தால் ஐந்தாண்டுவரையிலும் சிறைத் தண்டனை வைத்திருக்கிறது.

ஆனால் என்னை மிகவும் வருத்துவது கடைகளில் நடப்பதுதான். அடக்கத்தின் பாரம் எல்லோர்மீதும் ஒரே அளவில் விழுவதில்லை. மேலதிகாரி முன் வாய் திறக்காதவர், தன்னை எதிர்த்துப் பேச முடியாத விற்பனையாளரிடம் கத்தலாம். வாடிக்கையாளரின் இத்தகைய அத்துமீறலைத் தடைசெய்யும் டோக்கியோ மாநகரின் விதி 2025 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்தது. அதில் தண்டனை எதுவும் இல்லாதது பெருங்குறை என்றே கருதுகிறேன். பணியாளர்களை அவர்களுடைய மேலதிகாரிகளின் கொடுமையிலிருந்து காக்கும் கடமையைச் சட்டம் பெருநிறுவனங்களுக்கு 2020இலும், சிறு, நடுத்தர நிறுவனங்களுக்கு 2022இலும் விதித்துவிட்டது.

தோற்பாவை மறுமொழி:
எவ்வாறு பழக்குகிறார்கள் என்பதற்குக் கெண்டோ என்னும் வாட்போர்க் கலை நல்ல சான்று. மூங்கில் வாளால் அடிப்பவர் உரக்கக் குரல் எழுப்ப வேண்டும். ஆனால் புள்ளி பெற்றதும் கையை உயர்த்தி மகிழ்ந்தால், அந்தப் புள்ளியையே நடுவர்கள் ரத்து செய்யலாம். தோற்றவர் எதிரே நிற்கும்போது வென்றவர் துள்ளக் கூடாது. 2009 செப்டம்பரில் சுமோ தொடரை வென்ற அசாஷோர்யு இரு கைகளையும் உயர்த்தியதற்குக் கடும் கண்டனம் எழுந்ததும் இதனால்தான். எனவே அங்கே அடக்கப்படுவது சினம் மட்டுமன்று. முரட்டுத்தனத்துக்கும் இடம் உண்டு, அதற்குரிய நாளும் முறையும் வகுக்கப்பட்டிருந்தால்: ஹிமேஜி நகரின் நாடா திருவிழாவில் ஒவ்வோர் அக்டோபரிலும் ஆண்கள் சாமிப் பல்லக்குகளைத் தோளில் சுமந்து, ஊரே ஆர்ப்பரிக்க, ஒன்றோடொன்று மோதவிடுகிறார்கள்.