புதுப்பிப்பு: 'டி.எல்.பி.' எழுத்துள்ள சிறு போலந்துச் செம்பு நாணயம், விடை கிடைத்தது

உதவியவர்களுக்கு நன்றி. 16 மி.மீ., 1.3 கிராம் செம்புக்காசில் பச்சை படிந்து ஆண்டு தெரியவில்லை, எந்த மன்னர் என்று கேட்டிருந்தேன்.

கைகொடுத்தது காய்ச்சி வடித்த நீர் யோசனைதான். பத்து நாள் ஊறல், இரண்டு நாளுக்கொருமுறை நீர் மாற்றம், பிறகு பல்குச்சியால் லேசாக நெருடல். புளி, எலுமிச்சை வேண்டவே வேண்டாம். அமிலம் பச்சைப் படிவோடு எழுத்தையும் தின்றுவிடும். டார்ச்சைப் பக்கவாட்டில் தாழப் பிடித்ததும் 1666 துலங்கியது.

தலைப்பக்கத்தில் 'இயோவான் காஸ் ரெக்ஸ்' என்ற லத்தீன் எழுத்து: போலந்து மன்னர் யான் காசிமிர் (1648–1668). மன்னர் உருவத்தின் கழுத்தடியில் உள்ள டி.எல்.பி., நாணயச்சாலையைக் குத்தகைக்கு எடுத்த இத்தாலியர் டிட்டோ லிவியோ புரட்டீனி. காசுக்கு 'போரட்டின்கா' என்ற பெயர் வந்தது அவரால்தான். முறைப்படி இது ஷெலாங் என்ற சில்லறைக் காசு; மூன்று சேர்ந்தால் அடுத்த அலகான ஒரு க்ரோஷ். போர்ச்செலவால் காலியான கருவூலத்துக்காகக் கோடிக்கணக்கில் அடித்துத் தள்ளியவை, அதனால் விலை சொற்பம்.

எதிர்பாராதது பின்பக்கம். கழுகு இருந்தால் போலந்து வெளியீடு. இதில் வாளேந்திய குதிரைவீரன், ஆகவே லித்துவேனியா. மன்னர் இரண்டுக்கும் ஒருவரே. அக்காலக் கள்ளக்காசுகளும் ஏராளம். எழுத்துகள் கோணல்மாணலாக இருந்தால் சந்தேகப்படுங்கள்.