‘மடையடைப்பி’ வேண்டாம், ‘நீர்மீட்பி’ எப்படி?

அண்ணா, வணக்கம்.

உடம்பின் தண்ணீர் சிறுநீராக வீணாகாமல் காக்கும் ஏடிஎச் (ADH) ஹார்மோனுக்குத் தமிழ்ப் பெயராக நீங்கள் சொன்ன ‘மடையடைப்பி’ காதுக்கு இதம். காவிரிக் கடைமடையான எங்கள் திருத்துறைப்பூண்டிப் பக்கம் யாருக்கும் விளக்கவே வேண்டாம். ஆனால் அந்த ஹார்மோன் எதையும் அடைப்பதில்லையே, திறக்கிறது.

சிறுநீரகம் நாளுக்குச் சுமார் 180 லிட்டர் வடிகட்டுகிறது. பெரும்பகுதி தலைமடையிலேயே ரத்தத்துக்குத் திரும்பிவிடும். ஏடிஎச்சுக்கு வேலை கடைமடையில், அதாவது சிறுநீர் கடைசியாகக் கடக்கும் சேகரிப்பு நாளத்தில். அதன் சுவர் சும்மா இருக்கும்போது தண்ணீரை அவ்வளவாக விடாது. ஹார்மோன் வந்ததும், செல்லுக்குள் காத்திருக்கும் அக்குவாபோரின் என்ற புரத வாசல்கள் சுவரில் வந்து பதிகின்றன. சுற்றியுள்ள திசுவில் உப்பு கூடுதல் என்பதால் தண்ணீர் தானே உடம்புக்குத் திரும்புகிறது.

முறைத் தண்ணீர் எட்டாத வருஷங்களில் எங்கள் சித்தப்பா வடிகால் கரையில் ஆயில் எஞ்சினை இறக்குவார். பாசி ஏறாமலிருக்க ஹோஸ் வாயில் பழைய கொசுவலையைச் சுற்றிக் கட்டி, கடலுக்குப் போகிற தண்ணீரை வயலுக்கு ஏற்றுவார். “போறதப் புடிச்சுக்க வேண்டியதுதான்” என்பார். மடையை அடைத்தால் தண்ணீர் தேங்கும், இது மீட்பு. அதனால்தான் ஏடிஎச்சுக்கு ‘நீர்மீட்பி’ என்கிறேன். (சிறுநீரகத்தின் கடைமடையில் எஞ்சின்கூட வேண்டாம்.)

ஆங்கிலப் பெயரை அப்படியே பெயர்த்து ‘சிறுநீர்ப்பெருக்கெதிர் ஹார்மோன்’ என்று எழுதலாம்தான். வகுப்பில் ஒரே மூச்சில் சொல்லிப் பாருங்கள்.

அப்புறம் மூளைப் பக்கம். ரத்தத்தின் அடர்வு ஒன்றிரண்டு சதவீதம் ஏறினாலே ஹைப்போதலாமஸில் உள்ள செல்கள் கண்டுகொள்கின்றன. உடனே அதன் கீழுள்ள பிட்யூட்டரி சுரப்பியின் பின்மடலிலிருந்து ஏடிஎச் கிளம்புகிறது. அந்தச் செல்களுக்கு ‘உப்புணரி’ என்றுதான் முதலில் நினைத்தேன். அவை உப்பை மட்டும் பார்ப்பதில்லை, அதனால் ‘அடர்வுணரி’.

‘நீர்மீட்பி’ கிளைவிடுகிறதா என்றும் பார்த்தேன். இந்த ஹார்மோன் வேலை செய்யாமல் சிறுநீர் அளவுமீறிப் போகும் நோய்க்குள்ள டயாபடீஸ் இன்சிபிடஸ் என்ற பெயரைச் சர்க்கரை நோயோடு குழப்பிக்கொள்கிறார்கள் என்று 2022இல் மருத்துவர்களே மாற்றச் சொன்னார்கள். தமிழில் நாம், ஹார்மோன் போதாவிட்டால் ‘நீர்மீட்பிக் குறைபாடு’ எனலாம். வந்தும் சிறுநீரகம் கேட்காவிட்டால் ‘நீர்மீட்பி ஏற்காமை’. இரண்டாவது, ஆற்றில் தண்ணீர் வந்தும் கடைமடை ஷட்டர் துருப்பிடித்து நிற்கிற கதை.

ஆல்டோஸ்டிரோன் என்ற இன்னொரு ஹார்மோனும் தண்ணீரை மிச்சம் பிடிக்கிறதே என்பீர்கள். அது சோடியத்தைப் பிடிக்கிறது, தண்ணீர் பின்னால் வருகிறது. அதற்கு ‘உப்புமீட்பி’ வைத்தால் ஜோடி சேருமா?