இங்கிலாந்தில் சம்பளத்தோடு பிரைமரி டீச்சர் பயிற்சி: பி.எட் முடித்துவிட்டு வந்தவர்களுக்கு

"கணவர் வேலை விசாவில் வந்திருக்கிறார், நான் அவரைச் சார்ந்த டிபென்டன்ட் விசாவில் இருக்கிறேன். ஊரில் பி.எட் முடித்துச் சின்ன வகுப்புகளுக்குப் பாடம் எடுத்தேன். இங்கே டீச்சர் ஆக முடியுமா?" நானும் இதே கேள்வியோடு திருச்சியிலிருந்து லண்டன் வந்தவள்தான். அதனால் தெரிந்ததை எழுதிவிடுகிறேன். இது இங்கிலாந்துக்கு மட்டும். ஸ்காட்லாந்து, வேல்ஸில் ஏற்பாடு வேறு.

இங்கே கேட்பது கியூ.டி.எஸ் என்கிற ஆசிரியர் தகுதி. இந்தியாவில் படித்தவர்கள் அதற்கு நேரடியாக விண்ணப்பிக்க 2023 பிப்ரவரியில் ஒரு வழி திறந்தது. கேட்டதும் எனக்குத் தலைகால் புரியவில்லை. ஆனால் அது 11 முதல் 16 வயதுப் பிள்ளைகளுக்குக் கணக்கு, அறிவியல், மொழிப்பாடம் எடுத்தவர்களுக்கான வழி. ஒன்றாம் வகுப்பு, மூன்றாம் வகுப்பு எடுத்த நம்மைப் போன்றவர்கள் இங்கே மறுபடி பயிற்சி பெற வேண்டியதுதான்.

கட்டணம் கட்டிப் படித்தால் பி.ஜி.சி.இ, அதாவது பட்டம் முடித்தவர்களுக்கான ஆசிரியர் பயிற்சிப் படிப்பு. உள்ளூர்க் கட்டணமே 2025-26இல் 9,535 பவுண்டு வரை. இன்னொன்று அப்ரென்டிஸ்ஷிப், அதாவது பள்ளியில் வேலை பார்த்துக்கொண்டே பயிற்சி பெறுவது. பட்டம் இருப்பவர்களுக்கு ஏறக்குறைய ஒரு வருடம். பள்ளிதான் உங்களை வேலைக்கு எடுக்கும். தகுதி பெறாத ஆசிரியருக்கான சம்பள விகிதத்தில் மாதச் சம்பளம் வரும். ஐந்தில் ஒரு பங்கு நேரம் பயிற்சிக்குப் போகும். கல்விக் கட்டணம் உங்கள் தலையில் விழாது. பட்டம் இல்லாதவர்களுக்கு நான்கு வருட ஏற்பாடு ஒன்று 2025 இலையுதிர் காலத்தில் தொடங்கியிருக்கிறது. முடிவில் பட்டமும் கியூ.டி.எஸ்ஸும் கிடைக்கும்.

இனி எல்லாரும் தடுக்கி விழும் இடம். அப்ரென்டிஸ்ஷிப்புக்கு அரசுப் பணம் கிடைக்க, தொடங்கும் நாளுக்கு முன் மூன்று வருடம் இங்கே வசித்திருக்க வேண்டும், வேலை செய்யும் உரிமையும் வேண்டும். படிப்புக்காக ஸ்டூடன்ட் விசாவில் இருந்த காலம் இந்தக் கணக்கில் சேராது. நான் இது தெரியாமல் விண்ணப்பித்து, இன்டர்வியூ வரை போய், ஐந்து மாதம் குறைகிறது என்று திருப்பி அனுப்பப்பட்டேன். முதல் மின்னஞ்சலிலேயே அவர்கள் கேட்டிருக்கலாம். சரி, நானும் கேட்கவில்லை.

அந்த ஐந்து மாதம் வீணாகவில்லை. பக்கத்துப் பள்ளியில் டி.ஏ, அதாவது டீச்சிங் அசிஸ்டென்ட் ஆகச் சேர்ந்தேன். என்னைக் கேட்டால் எல்லாரும் இப்படித்தான் தொடங்க வேண்டும். பயிற்சிக்கு ஆள் எடுப்பது பள்ளி என்பதால், முகம் தெரிந்தவருக்கு ஒரு படி முன்னுரிமை இருக்கத்தான் செய்கிறது.

அதைவிட முக்கியம், பாடம் சொல்லும் முறை. ரெசப்ஷன் வகுப்பில், அதாவது நான்கைந்து வயதுப் பிள்ளைகளின் முதல் பள்ளி வகுப்பில், முதல் வாரம் ஒரு குழந்தைக்கு 'எஸ், ஏ, டி' என்று எழுத்துக்கூட்டிக் கொடுத்தேன். வகுப்பு டீச்சர் மெதுவாக நிறுத்தினார். இங்கே போனிக்ஸ் முறை: எழுத்தின் பெயர் பிறகு, ஒலிதான் முதலில். அதுவும் 'க' என்று அகரம் ஒட்டக் கூடாது, 'க்' என்று நிற்க வேண்டும். ஆங்கிலேய டி.ஏக்களே இதில் தடுமாறுவார்கள். மெய்யும் உயிர்மெய்யும் ஒன்றாம் வகுப்பிலேயே படித்த நமக்கு இது கைவந்த கலை. இக், இச், இட் என்று சொல்லிப் பழகியதுதானே, முன்னால் ஒட்டும் இகரத்தை மட்டும் விட்டுவிட்டால் போதும். நம் வில்லங்கம் எஃப், இஸட் ஒலிகளிலும், வி, டபிள்யூ இரண்டையும் ஒன்றாக்குவதிலும். வீட்டில் சத்தமாகப் பழகுங்கள். ரெசப்ஷனுக்கு அடுத்த வகுப்பான இயர் 1 முடிவில் பிள்ளைகளுக்குப் போனிக்ஸ் சோதனை இருக்கிறது. அதில் அர்த்தமில்லாத சொற்களையும் படிக்கச் சொல்வார்கள்.

கழித்தலில் 'கடன் வாங்குதல்' என்று வாய் தவறிச் சொல்லிவிடாதீர்கள். ஒரு பத்தைப் பத்து ஒன்றுகளாக 'எக்ஸ்சேஞ்ச்' செய்கிறோம் என்பதே இங்குள்ள பேச்சு.

ஒரு தங்கை கேட்டிருந்தார்: "அக்கா, டிகிரி சர்டிபிகேட் போதுமா?"

போதாதும்மா. பிரைமரிக்கு ஆங்கிலம், கணக்கு, அறிவியல் மூன்றிலும், இங்கே பதினாறு வயதில் எழுதும் பள்ளித் தேர்வான ஜி.சி.எஸ்.இயில் கிரேடு 4க்கு இணையான தகுதி வேண்டும். ப்ளஸ் டூவில் காமர்ஸ் எடுத்தவர்களுக்கு அறிவியலைக் காட்டப் பத்தாம் வகுப்பு மதிப்பெண் பட்டியல்தான் துணை. அது அம்மா வீட்டு பீரோவில் இருந்தால் இன்றே கேட்டு வாங்குங்கள். வெளிநாட்டுப் படிப்பை இங்குள்ள படிப்போடு ஒப்பிட்டுச் சொல்லும் யு.கே. எனிக் அமைப்பின் மதிப்பீட்டுக் கடிதத்துக்குப் பணம் கட்டும் முன், சேரப்போகும் பயிற்சி நிறுவனம் எதை ஏற்கும் என்று எழுதிக் கேளுங்கள். சில நிறுவனங்கள் அந்த இணைத் தகுதியைக் காட்டத் தனியாக ஒரு தேர்வு எழுதச் சொல்லும். டி.பி.எஸ் என்கிற குற்றப் பின்னணிச் சோதனையோடு ஊரிலிருந்து போலீஸ் சான்றிதழும் கேட்பார்கள்.

"வந்து எட்டு மாதம்தான் ஆகிறது, இப்போது என்ன செய்ய?" என்று இன்னொருவர். மதிய உணவு நேர மேற்பார்வை வேலைக்குப் பாருங்கள், தினம் ஒரு மணி நேரம் போல இருக்கும். கல்வித் துறையின் 'டீச்சிங் வேகன்சீஸ்' தளத்திலும் உங்கள் கவுன்சில் தளத்திலும் தேடுங்கள். அரசின் 'கெட் இன்டு டீச்சிங்' சேவையின் ஆலோசகர்கள் இலவசமாகப் பேசுவார்கள். அடுத்த செப்டம்பருக்கான விண்ணப்பம் அக்டோபரிலேயே திறந்துவிடும். பிரைமரி இடங்கள் சீக்கிரம் நிரம்பும். தை பிறக்கட்டும் என்று காத்திருக்காதீர்கள்.